என்னென் ஆச்சி

அன்புள்ள மகளுக்கு,

நீ அண்ணாவுக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தியை அவன் எனக்குத் தள்ளிவிட்டான். நாலு வரி. "பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் செய்து வரச் சொல்லியிருக்கினம். நாங்கள் ஒல்லாந்தர் வழி என்று சொல்லுவினமே, அப்பாட்டக் கேட்டுச் சொல்லு." கேள்வி அவனுக்கு வந்தது, விடை என்னிடம் இருக்கிறது. அவன் ஊடாக எழுதினால் பாதி பிழைத்துப் போகும். ஆகவே நேரே எழுதுகிறேன்.

அம்மாவின் ஆண்டு நிறைவு ஆராதனை நல்லபடி நடந்தது. நீ அனுப்பிய மலர்வளையம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அட்டையில் மூன்று பெயர் இருந்தது. பேரனின் பெயரை எப்படி எழுதுவது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ரீச்சரிடம் ஒன்று கேள். நீ இருக்கிற நெதர்லாந்தில் 'ஸ்டாம்போம்', அதாவது குடும்ப மரம், என்று பேச்சில் எல்லாவற்றையும் சொல்வார்கள், ஆனால் மூன்று வகை இருக்கிறது. தகப்பன், அவர் தகப்பன், அவர் தகப்பன் என்று ஒற்றைக் கயிறாக மேலே போவது 'ஸ்டாம்ரேக்ஸ்'. நம்முடைய ஹோல் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பது அதுதான். மூத்தவர் ஒருவரில் தொடங்கி அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கீழே விரிவது ஸ்டாம்போம். பேரனில் தொடங்கி தாய் தகப்பன் இருவரையும், அவர்களுடைய தாய் தகப்பன்மாரையும் எழுதிக்கொண்டு மேலே போவது 'குவார்ட்டியர்ஸ்டாட்'. இதற்கு ஒரு இலக்க முறை உண்டு. பேரன் 1. அவனுடைய தகப்பன் 2, நீ 3. யாருடைய இலக்கத்தையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய தகப்பன், அதோடு ஒன்றைக் கூட்டினால் தாய். ஆண்கள் இரட்டை, பெண்கள் ஒற்றை. அந்தக் கணக்கில் நான் 6, அம்மா 7, உன் அப்பப்பா 12, பூட்டன் 24. அப்படியே பெருக்கிக்கொண்டு போனால் ஒல்லாந்தக் கொம்பனிச் சிப்பாயாக இலங்கைக்கு வந்து இறங்கியவர் 384.

ஸ்டாம்ரேக்ஸ் போதும் என்றுதான் நான் சொல்வேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் எதற்கு? பெண்வழியைத் தேடி நேரத்தைக் கழிக்காதே. பெண்களின் பெயர் பாதிப் பதிவில் இருக்காது, இருந்தாலும் எழுத்து மாறியிருக்கும்.

வேலையைக் கிட்டத்தில் தொடங்கி எட்டத்துக்குப் போ. இதை மறக்காதே. எல்லாரும் செய்கிற பிழை, மேலே இருக்கும் பெரிய ஆளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கப் பார்ப்பது. அதே பெயரில் நாற்பது பேர் இருப்பார்கள், பிடித்தது வேறு ஆளாகிவிடும். உன் பிறப்புச் சான்றிதழில் என் பெயர், என்னுடையதில் உன் அப்பப்பா பெயர், அப்பப்பாவின் விவாகப் பதிவில் பூட்டன் பெயர் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு கடுதாசி கையில் இருக்கவேண்டும். கடுதாசி இல்லாத படியைப் பென்சிலால் எழுது.

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு இப்போதைய முறையில் வந்தது 1867இல். அதனால் 6, 12, 24 மூன்றுக்கும் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், எடுத்த பதிவுப் பிரதி இருக்கிறது. 48க்கு விவாகப் பதிவு மட்டும். 96க்கும் 192க்கும் தேவாலயப் பதிவுகள்தான் கதி. அவை எழுதுவது ஞானஸ்நானத் திகதியை, பிறந்த திகதியை அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே. எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துப் பென்ரைவில் போட்டிருக்கிறேன். மூலப் பிரதிகளை அனுப்ப மாட்டேன், தபாலை நம்ப முடியாது.

நம்முடைய குடும்பப் பெயரின் வால் உனக்குத் தெரியும். அந்த 'ஸ்' தான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். நான் கந்தோரில் இருந்த காலம் முழுக்கத் தேசவழமையோடு, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்தோடு, பழகியவன். அதை 1707இல் தொகுத்துக் கொடுத்த, திசாவை என்ற பதவியில் இருந்த ஒல்லாந்த அதிகாரியின் பெயர் கிளாஸ் ஐசாக்ஸ். ஐசாக்கின் மகன் கிளாஸ் என்பதுதான் அதன் பொருள். 'சோன்' என்ற முழுச் சொல்லை எழுத நேரமில்லாமல் எஸ், இசட் என்று இரண்டு எழுத்தோடு முடித்துக்கொள்வார்கள். யான்ஸ், பீட்டர்ஸ், அந்தோனிஸ் எல்லாம் இந்த ரகம். ஒல்லாந்தில் இது ஒரு தலைமுறைக்குரிய பெயர். நம் ஊரில் தகப்பன் பெயரை முன்னால் போடுகிற மாதிரி, அடுத்த தலைமுறையில் மாறிவிடும். இலங்கைக்கு வந்தவர்களுக்கு அது அப்படியே உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. ஆகவே அங்கே யாருக்காவது நம் பெயர் இருப்பதைக் கண்டு, இவர் நம் சொந்தம் என்று கடிதம் எழுதி வெட்கப்படாதே. 384இன் கூடப்பிறந்தவர்களின் சந்ததி இன்று அநேகமாக வேறு பெயரில் இருக்கும். நெப்போலியனின் ஆணைப்படி 1811இல் எல்லாரும் நிலையான குடும்பப் பெயர் எடுக்கவேண்டி வந்தபோது, அந்த வீட்டார் எதை எடுத்தார்களோ அதுதான் நீ தேடவேண்டிய பெயர்.

அதேபோல 'வான்'. இங்கே பறங்கிச் சனம் அதைப் பிரபுப் பட்டம் மாதிரித் தூக்கிக்கொண்டு திரியும். அதற்குப் பொருள் 'இன்ன ஊர்க்காரர்' என்பதுதான், மட்டுவில்லான், வல்வெட்டித்துறையான் என்கிற மாதிரி. ஒல்லாந்தில் அகரவரிசையில் 'வான்', 'டெ' எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அடுத்த சொல்லை வைத்துத்தான் அடுக்குவார்கள். இங்கே அது பெயரோடு ஒட்டிக்கொண்டது. தேடும்போது ஒட்டியும் பார், பிரித்தும் பார்.

இனி 384. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி 1602இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தை 1658இல் பிடித்து 1795 வரை வைத்திருந்தது. கொம்பனிக் கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு சம்பளக் கணக்குப் பக்கம் உண்டு. அந்தக் கப்பல் சம்பள ஏடுகள் டென் ஹாக்கில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டிடம். கொம்பனி ஆவணங்களின் தொகுதி இலக்கம் 1.04.02. நீ அங்கே போய் அலையவேண்டாம், கப்பலில் போனவர்களின் பெயர்ப்பட்டியல் 1699 தொடக்கம் 1794 வரை இணையத்தில் தேடும்படி இருக்கிறது. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பதிவு. பெயர், சொந்த ஊர், பதவி, கப்பல், எந்தக் கிளை அனுப்பியது, புறப்பட்ட திகதி, சேவை எப்படி எங்கே முடிந்தது எல்லாம் வரும். ஆறு கிளைகள்: ஆம்ஸ்டர்டாம், சீலாந்து, டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹூர்ன், எங்க்ஹௌசன்.

பெயரை மட்டும் போட்டால் கடலில் வலை வீசின கதைதான். ஒரே பெயரில் டசின் கணக்கில் வருவார்கள். கப்பலையும் ஆண்டையும் வைத்துத்தான் ஆளைப் பிரிக்கவேண்டும். சுவரில் இருந்த சட்டத்தில் 384இன் பெட்டிக்குள் கப்பல் பெயரும் 1774 என்ற ஆண்டும் இருக்கிறதல்லவா? பூட்டன் அதைக் கற்பனையில் எழுதவில்லை. கொம்பனி ஆண்டுதோறும் ஒவ்வொரு கோட்டையிலும் இருந்தவர்களுக்குத் தரைப் பட்டியல் ஒன்று எழுதியது. அதில் ஆளின் பெயருக்கு நேரே அவர் வந்த கப்பலும் ஆண்டும் இருக்கும். இங்கே இருந்த ஆளையும் அங்கே கப்பலேறிய ஆளையும் கட்டுகிற கயிறு அது ஒன்றுதான். அந்தக் கயிறு இல்லாமல், பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக யாரையும் பாட்டனாக ஏற்றுக்கொள்ளாதே. இணையத்தில் ஆயிரம் மரம் தொங்குகிறது, ஒருவர் செய்த பிழையைத் தொண்ணூறு பேர் பிரதி பண்ணியிருப்பார்கள்.

சொந்த ஊர் என்ற இடத்தில் 384க்கு 'கம்பன்' என்று இருக்கிறது. சிரிக்காதே, இராமாயணக் கம்பன் அல்ல. ஐசல் ஆற்றங்கரையில், உன் ஸ்வோலவிலிருந்து சின்ன ரயிலில் ஏறினால் அடுத்த ஊர். பழைய ஏட்டில் 'சி'யில் எழுதியிருக்கும், இப்போது 'கே'. நீ அந்த ஊர்ப்பக்கம் போய்க் குடியேறினதை அண்ணா சொன்ன அன்று நான் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அவசரப்படாதே. ஜெர்மனியில் கிழக்கு பிரீசியாவிலும் ஒரு கம்பன் இருக்கிறது. கொம்பனிச் சிப்பாய்களில் பெரும்பங்கு ஜெர்மன் நாடுகளிலிருந்து வந்தவர்கள், தங்கள் சிற்றூரைச் சொன்னால் எழுத்தருக்கு விளங்காது என்று பக்கத்துப் பட்டணத்தைச் சொல்லிவிடுவார்கள். 'வான் கம்பன்' என்றால் கம்பனில் பிறந்தவர் என்று எழுதி ஒட்டிவிட முடியாது.

இதை உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. அதற்கு உன் உதவி வேண்டும். தேடல் முடிவில் ஏட்டின் இலக்கமும் தாள் இலக்கமும் வரும். அந்தத் தாளின் படத்தைத் திற. இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. இடப்பக்கத்தின் தலையில் அவருடைய பெயர், ஊர், பதவி. அதன் கீழே கடன்கள். ஆட்சேர்ப்பவன் வீட்டில் கப்பல் வரும்வரை தின்று உறங்கின கணக்குக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள், வழக்கமாக 150 கில்டர். சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 9 கில்டர். கணக்குப் பார், வேறு எதுவும் வாங்காமல் இருந்தாலே அந்தக் கடன் அடையக் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் ஆகும். ஐந்து வருட ஒப்பந்தத்தில் அது போய்விடும். பிறகு பெட்டி, உடுப்பு. அதற்கும் கீழே 'மாந்த்பிரீஃப்' என்று ஒரு சொல் தேடு. மாதக் கடிதம். கப்பலேறுகிறவர் வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் வரை வீட்டாருக்குக் கிடைக்க எழுதி வைக்கலாம். யாருக்குக் கொடுத்தார்கள் என்று பெயர் இருக்கும். மணமாகாதவர் என்றால் பெரும்பாலும் தாய். நம்மவருக்கு மாதக் கடிதம் உண்டு என்று அட்டவணையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெடியன் கணினியில் அந்தத் தாளைப் பெருப்பித்துக் காட்டினான். எனக்கு ஒரு வரிக்கு அகராதியோடு அரை மணித்தியாலம் போகிறது, அப்போதும் 'மூடர்' என்ற சொல் மட்டும்தான் பிடிபட்டது. தாய் என்று அர்த்தம். அடுத்த இரண்டு சொல் அவளுடைய பெயர். உனக்கு அது தினம் பேசுகிற பாஷை. நீ வாசித்துவிடுவாய். எங்கள் குடும்பத்தில் அந்தப் பாஷையைத் திரும்பப் பேசுகிற முதல் ஆள் நீதான், இருநூறு வருடத்துக்குப் பிறகு.

தாயின் பெயர் கிடைத்தால் கம்பன் பதிவேட்டில் அந்தத் தாய் தகப்பனைத் தேடிப் பிடிக்கலாம். பெண்வழி வேண்டாம் என்று மேலே எழுதினேன். இது வேறு விஷயம்.

பழைய கையெழுத்தில் விழுகிற குழிகளைச் சொல்கிறேன். 'என்' எழுத்தும் 'யு' எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். எஸ் நீட்டினால் எஃப் மாதிரி. ஐ, ஜே சேர்ந்து வருகிற இடத்தில் ஒய்க்கு மேலே இரண்டு புள்ளி. மாதப் பெயரில் கவனம்: '7பெர்' என்றால் ஜூலை அல்ல, செப்டெம்பர். லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. அதே கணக்கில் '8பெர்' ஒக்டோபர், '9பெர்' நவம்பர், 'எக்ஸ்பெர்' டிசெம்பர். இதில் ஒருவர் சறுக்கினால் பிள்ளை பிறந்த பிறகு கலியாணம் நடந்ததாக ஆகிவிடும், குடும்பத்தில் தேவையில்லாத கதை. கலியாணப் பதிவில் ஜே.எம். என்றால் மணமாகாத ஆண், ஜே.டி. என்றால் மணமாகாத பெண். டி என்பது 'டொஹ்டர்', மகள். வைத்தியர் ஆக்கிவிடாதே. கல்லறைக் கல்லில் வயது இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று வெட்டியிருந்தால் இறந்த திகதியிலிருந்து கழித்துப் பிறந்த நாளை எடுக்கலாம். கல்லை அடிக்கடி தேய்த்துக் கழுவாதே, பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் படம் எடு.

கம்பன் பக்கத்துக்கு நீ போகவேண்டிய இடம் உன் பட்டணத்திலேயே இருக்கிறது. ஓவரைசல் மாகாணத்தின் பழைய ஏடுகள் 'கொலெக்ஸி ஓவரைசல்' என்ற நிலையத்தில். 1811க்கு முந்தியவை தேவாலயத்து ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள், 'டே-டே-பே' என்று சொல்வார்கள். ஞானஸ்நானத்துக்கு நின்ற சாட்சிகளின் பெயரை விடாமல் எழுது. ஊர்சனம் அல்ல, பெரும்பாலும் மாமன், பெரியம்மா ஆட்கள்தான். பெயர் வைக்கிற வழக்கமும் கைகொடுக்கும். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர், மூத்த மகளுக்கு அநேகமாகத் தாயின் தாய் பெயர். ஒரே வீட்டில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் முதல் பிள்ளை இறந்துவிட்டது என்று எடு.

384க்குக் கம்பனில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்து 1811க்குப் பிறகு இறந்திருந்தால் உனக்கு அதிர்ஷ்டம். அரசாங்க மரணப் பதிவில் இறந்தவரின் தாய் தகப்பன் பெயரைக் கேட்டு எழுதுவார்கள். 1750இல் பிறந்தவருக்கும் அப்படிப் பெற்றோர் கிடைப்பார்கள், அந்த வீட்டார் எடுத்த புதுக் குடும்பப் பெயரும் அதே தாளில் இருக்கும். அதிலிருந்து கீழே இறங்கு. முதலில் விவாகப் பதிவு, ஏனென்றால் அதில் நாலு பெற்றோரும் வருவார்கள். விவாகத்தோடு இணைத்த கடுதாசிக் கட்டு ஒன்று தனியாக இருக்கும், அதில் ஞானஸ்நானப் பிரதியும் ஆணுக்குப் படைச் சேவைச் சான்றும் கிடைக்கும். 1850 தொடக்கம் வீட்டுவாரியான குடிப்பதிவு உண்டு, யார் எந்தத் திகதியில் எங்கே போனார் என்பது வரை. தேடுகிற தளங்கள் 'வீ வாஸ் வீ', 'ஓப்பன் ஆர்கீவன்'. எழுத்து மாறுகிற இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடு. பிறப்பு 100 வருடம், விவாகம் 75, மரணம் 50 வருடம் கழித்துத்தான் பொதுவில் திறப்பார்கள். அந்த மாகாணத்தில் இன்னொரு பொறி இருக்கிறது: பெண் வீட்டுப் பண்ணைக்கு வாழப்போன மாப்பிள்ளை அந்தப் பண்ணையின் பெயரையே எடுத்துக்கொள்வார். தகப்பன் ஒரு பெயர், மகன் ஒரு பெயர் என்று கண்டால் தவறு என்று வெட்டிவிடாதே.

1939க்குப் பிறகு இறந்தவர்களின் ஆளட்டைப் பிரதியை, ஒவ்வொருவருக்கும் எழுதி வைத்த பதிவு அட்டையின் பிரதியை, சி.பி.ஜி. என்ற குடும்ப வரலாற்று நிலையம் காசுக்குக் கொடுக்கும். உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பதிவு கிடைக்காது, பத்திரிகை மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர் இருக்கும், அதுதான் வழி. பழைய பத்திரிகைகள் 'டெல்ஃபர்' தளத்தில். ஆளைக் கண்டால் உடனே வாசலில் போய் நிற்காதே. முதலில் ஒரு கடிதம் எழுது, மரத்தின் அந்தத் துண்டை மட்டும் இணை, பதில் வராவிட்டால் விட்டுவிடு. வாசலில் போய் நிற்கிறவனுக்கு உள்ளே இருக்கிறவன் என்ன சொல்வான் என்று தெரியாது.

எச்சில் கொடுத்து டி.என்.ஏ. பரிசோதனை செய்கிற யோசனை உனக்கு வந்திருக்கும். காசை வீணாக்காதே. 384 பேரனுக்கு எட்டாவது தலைமுறை. அந்தத் தலைமுறையில் 256 பேர் இருக்கிறார்கள், ஒருவருடைய பங்கு நூற்றுக்கு 0.4கூட இல்லை. அதுவும் சராசரிதான், சிலரிடமிருந்து ஒன்றுமே வந்து சேராது. ஒல்லாந்தர் இரத்தம் என்று இத்தனை காலம் பேசினது அவ்வளவுதான். ஒரு தேக்கரண்டி சீனியை ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்த மாதிரி.

கூரையில் ஓடு மாற்றியாகிவிட்டது. கறுத்தக்கொழும்பான் மா இந்த வருடம் காய்க்கவில்லை.

பெண்வழி தேடவேண்டாம் என்றேன். தேடினாலும் முடியாது என்று நினைத்துவிடாதே. கந்தோரில் முப்பத்தெட்டு வருடம் உறுதிப் பத்திரங்களோடு இருந்தவன் சொல்கிறேன், யாழ்ப்பாணத்தில் பெண்ணைத் தேடவேண்டுமென்றால் சீதன உறுதியைப் பிடிக்கவேண்டும். பெண்ணின் பெயர், தாய் தகப்பன், தோம்பில், பழைய காணிப் பதிவேட்டில், காணிக்கு உள்ள பெயர், நாலு எல்லை எல்லாம் ஒரே தாளில் இருக்கும். 13க்கும் 25க்கும் அப்படித்தான் எடுத்தேன். சீதனம் இல்லாமல் வந்தவளுக்குத்தான் உறுதி இருக்காது.

384இன் பெண்சாதி 385க்கு உறுதி கிடையாது. ஆனால் பதிவு இருக்கிறது.

சின்னனில் நீ கதிரையில் ஏறி நின்று சட்டத்தை வாசிப்பாய். சிப்பாயின் பெட்டிக்குப் பக்கத்தில் 'என்.என்.' என்று இருக்கும். அது யார் என்று கேட்டாய், பெயர் தெரியாத ஆளுக்கு ஒல்லாந்தர் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். அன்றையிலிருந்து அவள் உனக்கு என்னென் ஆச்சி. கிறிஸ்மஸுக்குப் புறோடர் கேக் வெட்டும்போது ஒரு துண்டு அவளுக்கும் வைப்பாய்.

பெயர் தெரியும், பிள்ளை. எனக்குத் தெரியும். பூட்டன் கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியத்தில் சேர ஆசைப்பட்டுக் கடுதாசி சேர்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கிய ஒன்றியம், அதன் சஞ்சிகையில் குடும்பங்களின் வழிமுறையை அச்சடித்தார்கள், ஆண்வழிதான் கணக்கு. அப்போது அவர் எடுத்த தேவாலயப் பிரதிகளில் ஒன்று 1779இல் எழுதியது. வுல்வெண்டால் தேவாலயம். வளர்ந்த பெண் ஒருத்திக்கு ஞானஸ்நானம். குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. புதிதாக வைத்த பெயர், அதன் பின்னால் 'வான் நாகபட்னம்', அதன் பின்னால் அடிமையாயிருந்து விடுவிக்கப்பட்டவள் என்று ஒரு சொல். பதினொரு நாள் கழித்து 384உடன் கலியாணம். கிறிஸ்தவளாகாமல் கொம்பனி ஆளைக் கட்ட முடியாது, அதனால் முதலில் ஞானஸ்நானம். இந்த 'வான்' பிறந்த ஊரையும் சொல்லாது. கப்பலில் ஏற்றின துறையைச் சொல்லும். அவளுடைய ஊர் காவிரிக்கரையில் எங்கேயோ இருந்திருக்கும். பேசினது நீயும் நானும் பேசுகிற தமிழாகத்தான் இருக்கும். கொழும்பில் கொம்பனித்தெருவால் எத்தனை தரம் பஸ்ஸில் போயிருப்போம். அந்தக் கொம்பனி இந்தக் கொம்பனிதான் என்பார்கள். அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம்.

பூட்டன் தன் கையால் எழுதிய மரத்தில் அவளுடைய பெயரை எழுதினார், ஊரை விட்டுவிட்டார். 1988இல் அந்தத் தாளைச் செல்லரித்ததும் நான் புதிதாக எழுதினேன். நான் பெயரையும் விட்டுவிட்டேன். என்.என். என்று எழுதினது நான். பிரதியை அலுமாரி லாச்சியில் காணி உறுதிகளுக்கு அடியில் வைத்தேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

அந்தக் கடுதாசி லாச்சியில் இருக்கத்தான், நீ கட்டப்போகிறவர் என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று விறாந்தையில் வைத்து, "தம்பி எந்தப் பகுதி ஆக்கள்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் மறைக்காமல் பதில் சொன்னார். நான் சுவரில் தொங்கினதைக் காட்டினேன். என்ன சொல்லிக் காட்டினேன் என்பது உனக்கு மறந்திருக்காது. அம்மா போட்ட தேத்தண்ணி அந்த மேசையிலேயே ஆறிப்போனது. தேசவழமையில் அடிமைகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. கந்தோரில் அந்தப் பக்கம் வந்தால் புரட்டிவிட்டுப் போவோம். என்னைப் போல எத்தனை பேர் எதைப் புரட்டிவிட்டுப் போனார்களோ, நான் என் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன்.

ரீச்சர் எந்த வகை கேட்டாலும் குவார்ட்டியர்ஸ்டாட்டையே செய்யச் சொல். அதில் ஒற்றை இலக்கத்தை விட்டுவிட முடியாது. 1779ஆம் ஆண்டுப் பிரதியையும் ஸ்கேன் எடுத்துப் பென்ரைவில் போட்டிருக்கிறேன், '385' என்ற கோப்பு. அவளுடைய பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. இரண்டாவது வரியில் இருக்கிறது. நீ வாசித்துச் சொல், பேரன் தன் கையால் எழுதட்டும். அதற்குக் கடுதாசி இருக்கிறது, பென்சில் வேண்டாம்.

என்னிடமும் ஒரு வேலை பாதியில் நிற்கிறது. சுவரில் இருப்பதைக் கழற்றிவிட்டேன். பெரிய தாள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இந்த முறை பேரனிலிருந்து மேலே. 6, 7க்கு மேலே என்னிடம் எல்லாம் இருக்கிறது. 2, 4, 5 வெறுமையாக இருக்கிறது. மருமகனிடம் கேட்டு அவருடைய முழுப் பெயர், பிறந்த திகதி, ஊர், அவருடைய ஐயாவின் பெயர், அம்மாவின் பெயர் எழுதி அனுப்பு. அம்மாவின் பெயரைக் கலியாணத்துக்கு முந்தி இருந்த மாதிரி, அவவின் ஐயா பெயரோடு எழுதவேண்டும். திகதி சரியாகத் தெரியாவிட்டால் ஆண்டைப் போட்டு முன்னால் 'ஏறக்குறைய' என்று எழுது. 8 தொடக்கம் 11 வரை அவர்களுக்கு ஞாபகம் இருந்தால் அதையும் கேள். இடம் விட்டுத்தான் கோடு போடப்போகிறேன்.

அப்பா